சிறு வியாபாரியும் கணிப்பொறிக் கணக்கும்

சித்திரை முதல் நாளன்று புதுக்கணக்கு எழுதுவது தமிழ் வணிகரின் பழைய வழக்கம். நீண்ட பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி இட்டு, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, ஆண்டின் முதல் வரவைப் பதிவார்கள். மும்பையிலும் ஆமதாபாத்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர், பக்கத்துக் கடைக் குஜராத்தி வணிகர் தீபாவளியன்று கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை செய்வதைப் பார்த்திருப்பார்கள். நாள் வேறாயினும் உணர்ச்சி ஒன்றே. கணக்குச் சரியாயிருந்தால் வியாபாரம் நிலைக்கும் என்ற நம்பிக்கையே இரண்டுக்கும் அடிப்படை.

அந்தப் பேரேடு இன்று கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது. சரக்கு, சேவை வரிக்காகப் பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு வியாபாரியும், பெரியவராயினும் சிறியவராயினும், தம் கணக்கை அரசாங்கத்தின் இணையதளம் வழியாகவே சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இம்மாற்றத்தில் சிறு வியாபாரி எந்த வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், எதைத் தம் கையை விட்டு அகலாமல் காக்க வேண்டும் என்பது பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

விற்பனை வரி நமக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் ராஜாஜி பிரதமராயிருந்த காலத்தில், 1939-ஆம் ஆண்டில், பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பிற்காலத்தில் மாநிலந்தோறும் அவ்வரி வெவ்வேறு உருவம் எடுத்தது. 2005-ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான மாநிலங்களில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை முதல் தேதி முதல் இவற்றில் பலவும் ஒன்றிணைந்து சரக்கு, சேவை வரியாயின. கடைத்தெருவில் அதை ஜி.எஸ்.டி. என்றே சொல்கிறோம்.

தொடக்க மாதங்களில் பட்ட சிரமங்களைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கடைசி நாளில் எல்லோரும் ஒருங்கே நுழைய முயன்றதால் இணையதளம் திணறியது. தவணைகள் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டன. முதலில் திட்டமிட்ட மூன்று படிவ முறையில் இரண்டு படிவங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, தற்காலிகமாக என்று வந்த 3-பி என்னும் சுருக்கப் படிவமே நிலைத்துவிட்டது. ஆகவே அந்நாட்களில் தடுமாறிய சிறு வியாபாரியை அறியாதவர் என்று எள்ளுவது நியாயமாகாது. ஆயினும் காரணம் யாதாயினும், தவறினால் வரும் அபராதம் கடைக்காரரையே சேர்கிறது. அதனால் இம்முறை இயங்கும் விதத்தை நாம் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். மும்பையில் உள்ள ஒரு தமிழர் திருப்பூரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குப் பனியன் வாங்குகிறார் என்று கொள்வோம். வரி 100-க்கு 5 வீதம் 5,000 ரூபாய். அதையும் சேர்த்துத் திருப்பூர்க்காரருக்குக் கொடுத்துவிடுகிறார். அச்சரக்கை 1,20,000 ரூபாய்க்கு மும்பையில் விற்று, வாங்குவோரிடம் 6,000 ரூபாய் வரி வசூலிக்கிறார். தாம் முன்னரே கொடுத்த 5,000 ரூபாயை இதில் கழித்துக்கொண்டு, மீதி 1,000 ரூபாயை அரசாங்கத்துக்குச் செலுத்தினால் போதும். இவ்வாறு கழித்துக்கொள்ளும் தொகைக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திருப்பூர்க்காரர் தம் விற்பனை விவரத்தைச் சமர்ப்பித்தால்தான் மும்பைக்காரருக்கு அந்த வரவு கிட்டும். மாதந்தோறும் விவரம் தருபவர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தரவேண்டும். 14-ஆம் தேதியன்று, வாங்கியவரின் பெயரில் எவ்வளவு வரவு சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைக் கணிப்பொறியே ஆயத்தம் செய்கிறது. அதைப் பார்த்து, 20-ஆம் தேதிக்குள் அவர் தம் 3-பி படிவத்தை நிறைவேற்றுகிறார். திருப்பூர்க்காரர் மறந்துவிட்டாலோ, பதிவெண்ணில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டாலோ, அந்த 5,000 ரூபாய் பட்டியலில் இராது. அம்மாதம் மும்பைக்காரர் 6,000 ரூபாயையும் முழுமையாகக் கட்டவேண்டும். இருபதாயிரம் ரூபாய் மேல் ஆதாயத்தில் ஐயாயிரம், அதாவது நாலில் ஒரு பங்கு, முடங்கிப்போகிறது. தவறு பின்னர் திருத்தப்பட்டால் வரவு திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-ஆம் தேதிக்குள், அல்லது ஆண்டு விவரப் பத்திரம் அதற்கு முன்பே தரப்பட்டால் அந்த நாளுக்குள், கோரிவிட வேண்டும்.

முன்பெல்லாம் கையில் பில் இருந்தால் கவலையில்லை என்றிருந்தோம். இப்போது பில்லைப் பத்திரப்படுத்துவதோடு, விற்றவர் அதை அரசாங்கத்தின் கணக்கில் ஏற்றினாரா என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது. மாதம் ஒரு முறை, 14-ஆம் தேதிக்குப் பிறகு, அந்தப் பட்டியலையும் நம் கொள்முதல் சிட்டையையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒத்துப் பார்ப்பது அரைமணி வேலை. விட்டுப்போன பில்லுக்கு உடனே விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடலாம்.

இந்த வேலைகளையெல்லாம் யாரிடமாவது கொடுத்துவிட்டு நிம்மதியாயிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கொடுக்கலாம், பலர் கொடுத்துமிருக்கிறார்கள். ஆனால் நாம் அறிந்த ஒரு பாத்திரக் கடைக்காரரின் கதையை முதலில் கேளுங்கள். தென்பாண்டிச் சீமையிலிருந்து இளவயதில் வந்து, மும்பைப் புறநகர் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்துபவர். ஒரு பில்லைக்கூடக் கிழித்தெறியாதவர். பதிவு செய்துகொண்ட நாளில், ஆங்கிலப் படிவத்தைக் கண்டு தயங்கி, கணக்கு எழுதுபவர் ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் விட்டார். அவரோ வசதிக்காகத் தம் கைபேசி எண்ணையும் தம் மின்னஞ்சல் முகவரியையுமே பதிவில் கொடுத்துவிட்டார். சில ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். விவரப் பத்திரங்கள் நின்றன. எச்சரிக்கை அறிவிப்புகள் வந்தன. அவையும் அந்தப் பழைய முகவரிக்கே போயின. ஆறு மாதம் கழிந்தபின் பதிவு ரத்தாயிற்று. வழக்கமாகச் சரக்கு எடுத்த ஒரு சிற்றுண்டிச்சாலைக்காரர், "அண்ணாச்சி, உங்கள் எண் செல்லாது என்று வருகிறதே" என்று சொன்ன பிறகுதான் அவருக்கே செய்தி தெரிந்தது.

நேர்மையான மனிதர் ஒருவர், ஒரு பைசாவை ஒளிக்காமலே, ஏட்டில் வரி கட்டாதவராகிவிட்டார். "கடன் சொல்லிக் கடை வாசலில் யாரும் நின்றதில்லை, இப்போது அரசாங்கமே நிற்கிறதே" என்று அவர் வருந்தியதை நாம் கேட்டோம். இதில் பணநஷ்டத்தைவிட மானநஷ்டமே அவரை அதிகம் வாட்டியது.

மீளும் வழி இருந்தது. வட்டார வரி அலுவலகத்தில் அடையாளச் சான்றுகளையும் கடையின் சான்றுகளையும் காட்டி விண்ணப்பித்து, பதிவிலிருந்த கைபேசி எண்ணைத் தம் எண்ணாக மாற்றிக்கொண்டார். நிலுவையிலிருந்த பத்திரங்களையெல்லாம் தாக்கல் செய்து, வரியும் வட்டியும் தாமதக் கட்டணமும் செலுத்தி, ரத்தை நீக்கக் கோரினார். 2023 அக்டோபர் முதல் இவ்வாறு கோர 90 நாள் அவகாசம் தரப்படுகிறது. அதற்குள் முயன்றதால் கடை பிழைத்தது. இன்று அவர் கணக்கை இன்னொரு கணக்கரே எழுதுகிறார். ஆனால் கைபேசி எண் கடைக்காரருடையது, கடவுச்சொல் அவருடையது, கணக்கர் அழைத்துச் சொன்னால், தொகையைக் கேட்டறிந்த பிறகே ஓ.டி.பி. எண்ணைச் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் மாதம் ஒரு முறை இணையதளத்தைத் திறந்து, அறிவிப்பு ஏதும் உண்டா என்று பார்த்துத் தமிழில் சொல்லிவிடுகிறாள்.

நாம் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றையே. பெட்டியடியில் ஆள் வைக்கலாம். பெட்டிச் சாவியை எவரும் கொடுத்துவிடுவதில்லை. கணக்கு எழுதும் உழைப்பைக் கூலி கொடுத்து வாங்கலாம். கணக்கின் சாவி உரியவரிடமே இருக்கவேண்டும்.

கணிப்பொறியைக் கண்டு மிரளவும் வேண்டுவதில்லை. நாட்டில் பரவலாக வழங்கும் டாலி என்னும் கணக்கு மென்பொருள், 1986-ஆம் ஆண்டில் பெங்களூரில், தம் தொழிலுக்கேற்ற மென்பொருள் கிடைக்காத ஒரு வணிகர் தம் மகனைக் கொண்டு செய்வித்ததே. வணிகரின் தேவையிலிருந்து பிறந்த கருவி வணிகருக்குப் பிடிபடாமற் போகாது. பற்று, வரவு, இருப்பு என்ற மூன்றும் பேரேட்டில் இருந்தவையே. அன்றன்றைய பில்லை அன்றன்றே பதிந்துவிட்டால் மாதக் கடைசியில் மலைப்புத் தோன்றாது.

சிறு வியாபாரிக்குச் சில சலுகைகளும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரையிலுள்ளோர், 2021 ஜனவரி முதல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை விவரப் பத்திரம் தரும் வழியைத் தேர்ந்துகொள்ளலாம். வரியை மட்டும் மாதந்தோறும் செலுத்திவர வேண்டும். பொருள் விற்போருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை இணக்க வரித் திட்டம் உண்டு. அதில் விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தைச் செலுத்தினால் போதும். பத்திரம் ஆண்டுக்கு ஒன்றே. ஆனால் அதில் சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கலாகாது. உள்ளீட்டு வரவும் கிடையாது. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் இயலாது. சொந்த ஊருக்குச் சரக்கு அனுப்பி விற்பவர் இதை யோசித்தே முடிவு செய்யவேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே உரிய சில எச்சரிக்கைகளும் உண்டு. பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. மகாராஷ்டிரத்துக்கு 27, கர்நாடகத்துக்கு 29, மேற்கு வங்காளத்துக்கு 19, தமிழ்நாட்டுக்கு 33. மும்பைப் பதிவை வைத்துக்கொண்டு மதுரையில் கிளை திறக்க முடியாது. அங்கே தனிப் பதிவு வேண்டும். மாநில எல்லை கடந்து 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வரும்போது, 2018 ஏப்ரல் முதல் மின்வழிச் சீட்டு தேவைப்படுகிறது.

குலதெய்வக் கொடைக்கோ பிள்ளையின் திருமணத்துக்கோ கடையை மாதக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். விற்பனையே இல்லாவிட்டாலும் 'விற்பனை இல்லை' என்று தெரிவிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் கட்டணம் ஏறும். விற்பனை இருந்து வரி செலுத்தவேண்டிய மாதமாயின் 50 ரூபாய். இரண்டுக்கும் உச்ச வரம்பு உண்டெனினும் வீண் செலவு வீண் செலவே. வெறும் பத்திரத்தைக் கைபேசிக் குறுஞ்செய்தி மூலமாகவே 14409 என்ற எண்ணுக்கு அனுப்பும் வசதி 2020-ஆம் ஆண்டில் வந்தது. ஊர்த் திண்ணையில் அமர்ந்தபடியே அதைச் செய்துவிடலாம்.

வயதாகிக் கடையை மூடி ஊரோடு போய்விடுவோரும் உண்டு. கதவைப் பூட்டினால் பதிவு தானே முடிந்துவிடாது. முறைப்படி ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதி விவரப் பத்திரத்தையும் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியே பட்டறிந்து கற்கவேண்டும் என்பதில்லை. பல நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கும் அதே கூடத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விவரமறிந்த ஒருவர் அமர்ந்து, சிறு கடைக்காரர்களின் ஐயங்களைத் தமிழில் தீர்த்துவைத்தால் எத்தனையோ குடும்பங்கள் பயன்பெறும். கணிப்பொறி கற்ற நம் பிள்ளைகள் அதற்கு உடன் நிற்கலாம். தந்தையின் தொழிலைத் தொடராத பிள்ளையும் தந்தையின் கணக்கைப் படித்துச் சொல்லலாம் அல்லவா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் பெரியோர். அளந்தவரே தம் கையால் எழுதியும் வைத்தார். இன்று எழுதும் கை வேறொருவருடையதாயிருக்கலாம். என்ன எழுதப்பட்டது என்பதை அறியும் கண் கடைக்காரருடையதாகவே இருக்கட்டும். இன்றிரவு கடையைப் பூட்டும்போது, பதிவில் உள்ள கைபேசி எண் யாருடையது என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். தங்களுடையதாயிருந்தால் நிம்மதியாக உறங்கலாம். இல்லையேல் நாளைக் காலையில் செய்யவேண்டிய முதல் வேலை அதுவே.