‘நிரந்தர’க் கடியாரம்



கடியாரத்தைப்பற்றிப் பேச என்ன இருக்கின்றதென்று சிலர் நினைக்கலாம். நான் சொல்லப்போவது சாதாரணக் கடியாரத்தையல்ல. சுவிட்சர்லாந்து தேசத்தில் செய்து, ஒரு வீட்டின் கிரயத்துக்கு விற்கப்படும் ‘நிரந்தர நாட்காட்டி’க் கடியாரத்தை.

தேதி காட்டும் சாதாரணக் கடியாரத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். வருஷத்தில் ஐந்து தடவை நாம் திருத்த வேண்டும். இதற்கோ 30, 31 தெரியும்; பிப்ரவரியும் தெரியும்; நாலாம் வருஷத்து 29ம் தெரியும். உள்ளே ஆவி ஏதாவது குடியிருக்கின்றதா? இல்லை, வெறும் பித்தளையும் எஃகுந்தான். நாலு வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரமொன்று. அதன் விளிம்பில் குறைந்த மாதங்களுக்குப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஒரு நெம்புகோல் பள்ளத்தில் இறங்கும் ஆழத்தைப் பொறுத்து, மாதக் கடைசியில் தேதி எத்தனை நாள் தாவவேண்டுமென்பது முடிவாகின்றது. பிப்ரவரியின் பள்ளமே மிக ஆழம். 1762ல் இங்கிலாந்தில் தாமஸ் மட்ஜ் என்ற தொழிலாளி இதைச் சட்டைப்பைக் கடியாரத்தில் செய்துவிட்டான். ஜெனீவாவின் படேக் பிலிப் கம்பெனியார் 1898ல் செய்த ஒரு சிறு யந்திரத்தை 1925ல் கையில் கட்டும்படி அமைத்தார்கள்.

இந்த வேலைப்பாட்டைக் கண்டு ஆசைப்படுகிறவனை நான் பரிகசிக்கமாட்டேன். மனிதன் கணக்கு உலோகத்தில் நடப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையிராது? ஆனால் பிரபுக்கள் தேதிக்காகவா வாங்குகிறார்கள்? தேதியைப் பாட்டரிக் கடியாரம் சொற்ப விலைக்குச் சொல்லுகின்றது. பையிலுள்ள டெலிபோன் சும்மாவே சொல்லுகின்றது. விலையை மணிக்கட்டு சொல்லவேண்டும், அதுதான் சங்கதி! செய்தவன் பெயரை எத்தனை பிரபுக்களுக்குத் தெரியுமென்று கேட்டுப்பாருங்கள்.

பெட்டியில் சில நாள் கிடந்து நின்றுவிட்டால் ‘நிரந்தரம்’ எல்லாவற்றையும் மறந்துவிடும். பழைய மாதிரிகளில் ஊசிமுனை போன்ற குச்சியால் ஒவ்வொன்றாய் அழுத்தித் திருத்தவேண்டும். நடுநிசியை ஒட்டித் தேதி மாறும் வேளையில் அழுத்தினால் பல்லுடையவும் கூடும். 1985ல் கர்ட் கிளவுஸ் என்பவர்தான் ஐ.டபிள்யூ.சி. கம்பெனிக்காக, சாவியைத் திருகியே எல்லாவற்றையும் முன்னேற்றும்படி செய்தார்.

இன்னொன்று கேளுங்கள். தேதி ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1582ல் போப் கிரிகரி உத்தரவுப்படி அக்டோபர் 4க்கு மறுநாள் 15 ஆயிற்று. பத்து நாள் போயிற்றே என்று யாருடைய ஆயுளும் குறையவில்லை. நூற்றாண்டு வருஷம் 400ஆல் வகுபட்டால் மட்டுமே பிப்ரவரிக்கு 29 என்பதும் அப்போது செய்த விதி. நாலு வருஷச் சக்கரத்துக்கு இந்த விதி தெரியாது. ஆகையால் 2100ல், மார்ச் 1 அன்று, இவற்றில் பெரும்பாலானவை பிப்ரவரி 29 என்றே காட்டும். அன்று வைத்திருப்பவன் கையால்தான் தள்ளிவிட வேண்டும்.