கல் பட்ட கண்ணாடி: க்ளெய்மா, கைக்காசா?



களியக்காவிளையிலிருந்து பாலராமபுரம், நேமம் வழியாகத் திருவனந்தபுரம் கரமனைக்குக் கார் ஓட்டி வருபவர்கள், முன்னால் ஒரு டிப்பர் லாரி போனால் கொஞ்சம் பின்வாங்கி விடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றி வரும் வண்டிகள் அவை. தார்ப்பாய் சரியாக மூடாத ஒரு வண்டி, சாலையில் ஒரு குழி, தெறிக்கும் ஒரு சிறு கல்; அவ்வளவில் கார் கண்ணாடியில் பொட்டு விழுந்துவிடும். 2024 மார்ச்சில் விழிஞ்ஞம் துறைமுகப் பணிக்குக் கல் ஏற்றிச் சென்ற டிப்பரிலிருந்து விழுந்த பாறைத்துண்டு, முக்கோலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த பல்மருத்துவ மாணவர் ஒருவரின் உயிரையே பறித்தது. கல் ஏற்றிய வண்டியை மூடாமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைத் திருவனந்தபுரம் அன்று பார்த்தது.

கண்ணாடி உடைந்ததோடு தப்பியவர் அடுத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார். அங்கே முதலில் வரும் கேள்வி, இன்சூரன்சா, கேஷா? “வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறோம், எதற்குக் கைக்காசு?” என்றுதான் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றும். நியாயமான எண்ணம்தான். ஆனால் சிறிய கார்களின் விஷயத்தில் பல நேரம் அது நஷ்டத்தில் முடிகிறது.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அதில் சொந்தக் காரின் கண்ணாடிக்குப் பணம் வராது. ‘ஃபுல் கவர்’ என்று சொல்கிறோமே, அதிலுள்ள ஓன் டேமேஜ் பகுதிதான் இதற்கு உதவும். அதில் கண்ணாடிக்கு ஒரு சலுகை இருக்கிறது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். கண்ணாடிக்கு எத்தனை வருடப் பழசானாலும் தேய்மானக் கழிவு கிடையாது. சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு மட்டும் பாதி பிடிப்பார்கள். ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி என்றால் அதுவும் இல்லை. இதற்கு மேல், 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் ஒவ்வொரு க்ளெய்மிலும் உரிமையாளரே ஏற்க வேண்டும்.

இதுவரை க்ளெய்ம்தான் லாபம் என்று தோன்றும். இழப்பு அடுத்த வருட ரெனியூவலில் வருகிறது.

க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்கு நோ க்ளெய்ம் போனஸ் உண்டு. ஓன் டேமேஜ் பிரீமியத்தில் முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருடம் முடிந்தால் 50. ஒரே ஒரு க்ளெய்ம் செய்தாலும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அடுத்த ரெனியூவலில் இது பூஜ்யமாகிவிடும். மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரமனையில் ஒருவரின் சிறிய காருக்கு ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 50 சதவீத போனஸ் இருப்பதால் 6,000தான் கட்டுகிறார். கண்ணாடிக்கு பில் 8,000. க்ளெய்ம் செய்தால் 1,000 போக 7,000 கிடைக்கும். அடுத்த வருடம் அவர் முழு 12,000 கட்ட வேண்டும்; அதற்கடுத்து 9,600, பிறகு 9,000, 7,800, 6,600. பழைய 6,000 ரூபாய்க்கு வந்து சேர ஐந்து வருடம் ஆகிறது. அதற்குள் கூடுதலாகக் கட்டியது 15,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700. கார் பழசாகப் பழசாக பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் இது கொஞ்சம் இறங்கலாம். என்றாலும் 7,000 ரூபாய் வாங்க அதைவிட அதிகம் கொடுப்பதாகத்தான் முடிகிறது. இவர் கைக்காசு கொடுப்பதே நல்லது.

போனஸ் இன்னும் சேராத புதுக் கார்க்காரருக்கு இதே க்ளெய்மால் ஏற்படும் மொத்த இழப்பு, அந்தப் பிரீமியத்தில் பாதி அளவு. அதாவது 6,000, வரியோடு 7,080. அவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே வருடத்தில் பம்பருக்கோ கதவுக்கோ ஏற்கெனவே க்ளெய்ம் செய்தவர் தயங்கவே வேண்டாம். அவருடைய போனஸ் போய்விட்டது, கண்ணாடியையும் க்ளெய்மிலேயே மாற்றலாம். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் வாங்கியவர், அது எத்தனை க்ளெய்ம் வரை காக்கும் என்று பாலிசியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை உயர்ந்த கார்களில் கணக்கு தலைகீழாகிறது. முன்னால் போகும் வண்டியைக் கவனித்துத் தானே பிரேக் போடும் வசதியுள்ள கார்களில், அதற்கான கேமரா பெரும்பாலும் முன்கண்ணாடியின் உட்புறத்தில்தான் இருக்கும். கண்ணாடி மாறினால் கேமராவையும் சரிபார்த்துச் சீரமைக்க வேண்டும். பில் ஏறிவிடும், அங்கே க்ளெய்ம்தான் கைகொடுக்கும்.

கேரளத்தில் ஹர்த்தால் கல்வீச்சும் உண்டு. 2022 செப்டம்பர் 23 ஹர்த்தாலில் அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் சிலர் ஹெல்மெட் அணிந்து பேருந்து ஓட்டினார்கள். பல பேருந்துகளின் கண்ணாடி நொறுங்கியது. ஹர்த்தாலுக்கு அழைத்த பாப்புலர் ஃப்ரண்ட் 5.20 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் காருக்கு இப்படி நேர்ந்தால், கலவரமும் வேண்டுமென்றே செய்த சேதமும் ஓன் டேமேஜில் அடங்கும். போலீசில் புகார் கொடுத்து, அது ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிவானதற்கான ஜி.டி. என்ட்ரி வாங்கி வைப்பது அவசியம். யாரோ எறிந்த கல் என்றாலும் போனஸ் போகும் என்பது வருத்தமான விஷயம்.

இந்தக் கணக்கெல்லாம் வராமலே தப்பிக்கவும் ஒரு வழி இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய பொட்டு, ஓரத்திலும் ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலும் இல்லாவிட்டால், ரெசினை உள்ளே செலுத்திப் புற ஊதா ஒளியில் இறுக வைத்துவிடலாம். புதுக் கண்ணாடியின் விலையில் சிறு பங்குதான் செலவு. தள்ளிப்போட்டால் வெயிலில் சூடேறிய கண்ணாடி மேல் ஏசி காற்று படும்போது விரிசல் ஓடிவிடும். மழையில் அழுக்கு நீர் இறங்கினால் ரெசினும் சரியாகப் பிடிக்காது.

கைக்காசு கொடுப்பவர் விலையை மட்டும் பார்த்துவிடக் கூடாது. முன்கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி. உடைந்தாலும் துண்டுகள் முகத்தில் தெறிக்காமல் அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது பல கார்களில் அதற்கு முட்டுக் கொடுப்பதும் இதே கண்ணாடி. ஐ.எஸ்.ஐ. முத்திரை கண்ணாடி மூலையிலேயே அச்சாகியிருக்கும். பொருத்துவதற்கு முன் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பசை இறுகும் வரை காரை எடுக்க வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னால் காத்திருக்கத்தான் வேண்டும்.

க்ளெய்ம் என்று முடிவெடுத்தவர் உடைந்த கண்ணாடியைப் படம் எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்கள் பார்வையிட்ட பிறகே மாற்ற வேண்டும். க்ளெய்மை நிராகரித்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, கேரளம் முழுவதற்குமான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் கொச்சியில் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.