முதலில் கட்டடமா, கோப்பா?



நகர்ப்புறங்களில் பணியாற்றும் நம் கிளைகளில் ஒரு விவாதம் தொடர்ந்து எழுகிறது. கண்முன்னே எழும்பும் அடுக்குமாடிகளை எதிர்ப்பதா, அலுவலக அறைகளுக்குள் நடக்கும் ஊழலை அம்பலப்படுத்துவதா, எதற்கு முதலிடம்? கட்டடம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆகவே கூட்டமும் அதன்முன்தான் கூடுகிறது.

நொய்டாவைப் பாருங்கள். சூப்பர்டெக் நிறுவனத்தின் எமரால்டு கோர்ட் வளாகத்தில், தோட்டத்துக்கென்று காட்டப்பட்ட இடத்தில் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. 2009இல் 24 மாடிகளுக்கு அனுமதி. 2012இல் அதுவே 40 ஆயிற்று. பக்கத்துக் கட்டடத்திலிருந்து 16 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. விடப்பட்டதோ 9 மீட்டர். குடியிருப்போர் அனுமதி வரைபடத்தைக் கேட்டனர். நொய்டா ஆணையம் என்ன செய்தது? கொடுக்கலாமா என்று அந்த நிறுவனத்தையே கேட்டது! நிறுவனம் மறுத்தது, ஆணையமும் கைவிரித்தது.

2014இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2021இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்து, அதிகாரிகளுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கூட்டுச்சதியையும் கண்டித்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று கோபுரங்கள் சில நொடிகளில் சரிந்ததை நாடே கண்டது. மாநில அரசின் விசாரணைக் குழு 26 அதிகாரிகளைக் குறிப்பிட்டது. அவர்களில் 20 பேர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தனர். அதைப் பார்க்க எந்தக் கூட்டமும் கூடவில்லை.

அருகே, கிரேட்டர் நொய்டாவின் ஷாபேரி கிராமத்தில் கோப்பிலேயே அநீதி தொடங்கியது. தொழில் வளர்ச்சிக்கென்று, அவசரப் பிரிவைக் காட்டி, விவசாயிகளின் ஆட்சேபனையைக் கேளாமலே எடுத்த நிலம் குடியிருப்புக் கட்டும் நிறுவனங்களுக்குக் கைமாறியது. விவசாயிகள் வழக்காடினர், 2011இல் உச்சநீதிமன்றம் அக்கையகப்படுத்தலை ரத்து செய்தது.

எனவே முதலிடம் கோப்புக்கே என்பது என் கருத்து. தெருப் போராட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மனு எழுதுவோர் சங்கமாக நாம் சுருங்கிவிட்டால் அதைவிட ஆளும் வர்க்கத்துக்கு மகிழ்ச்சி வேறில்லை. திரளும் மக்களிடம் முதல் கோரிக்கையாக எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. 'இடி' என்ற முழக்கம் மட்டுமே எழுந்தால், கடன்பட்டு வீடு வாங்கிய குடும்பம் தவிக்கும். கையெழுத்திட்டவர் ஓய்வூதியம் வாங்குவார்.

நிலப் பயன்பாட்டு மாற்றம், வரைபடத் திருத்தம், தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றின் நகல்களை அஸ்திவாரம் தோண்டும் முன்பே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அனுமதி பெற்றோரின் விவரங்களை நிர்வாகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 4ஆவது பிரிவு. கிடைத்த நகலைக் கிளை அலுவலகத்தில் பூட்டி வைக்காதீர்கள். எந்த நாளில், எந்தப் பதவியிலிருந்தவர் ஒப்பமிட்டார் என்பதை வார்டு கூட்டத்தில் மக்கள்முன் படித்துக் காட்டுங்கள்.