மறைந்து நோக்கும் குற்றம்

(ஏரலில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் நம் ஏரல் ஆற்றங்கரையில் திரளும் கூட்டத்தை நீவிர் அறிவீர். அருணாசல சுவாமிகளை வழிபட வரும் பெண்டிர், தாமிரபரணியில் நீராடிக் கரையேறியதும் உடை மாற்ற ஒரு மறைவிடம் தேடுவர். அம்மறைவிடத்தை நம்புவது பேதைமையன்று, அவர்தம் உரிமை.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இராமேசுவரத்தில் நிகழ்ந்ததைப் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அக்கினி தீர்த்தத்தில் நீராடிய பெண்ணொருவர், அருகிலிருந்த தனியார் உடைமாற்றும் அறையில் காமிரா ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டார். அவர் வாய் மூடிச் செல்லவில்லை. செய்தி காவல் துறைக்கு எட்டிற்று. இருவர் கைது செய்யப்பட்டனர். அவ்வொருவர் துணிவால், பின்வரும் எத்தனையோ பெண்டிர் காக்கப்பட்டனர்.

இனி, சட்டம் கூறுவது யாது? 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் இக்குற்றத்திற்கெனத் தனிப்பிரிவு முதலில் இருந்ததில்லை. 2012-இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், 2013-இல் 354-சி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதையின் 77-ஆம் பிரிவு அதன் இடத்தில் நிற்கின்றது. உடை மாற்றுமிடம், கழிப்பறை போன்ற தனிமைக்குரிய இடங்களில், பிறர் காணாரென்று நம்பியிருக்கும் பெண்ணை மறைந்து நோக்குதலும், படம் பிடித்தலும், அப்படத்தைப் பரப்புதலும் குற்றமாம். முதன்முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையிலும், மறுமுறை மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனையும், அபராதமும் உண்டு. படமெடுக்க அவள் இசைந்திருப்பினும், பிறர்க்குக் காட்ட இசையாதபோது காட்டுதல் குற்றமே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவோ ஆண், பெண் இருபாலார்க்கும் காவலாகும்.

நிற்க. சட்டம் இருந்தும் நம்மிடையே நடப்பது யாது? "வெளியே தெரிந்தால் பெண்ணின் பேர் கெடும்" என்கின்றோம். பெரியவர்கள் கூடி, "பையன் காலில் விழுந்துவிட்டான், செல்பேசியையும் உடைத்தாயிற்று" என்று முடித்துவிடுகின்றோம். செல்பேசி உடைந்தால் படம் அழியுமோ? அது எத்தனை கைகளுக்குச் சென்றதென்பதை நம் சமாதானப் பேச்சு அறியுமோ? அன்றியும், நாம் உடைத்தெறிந்த கருவியே வழக்கிற்குச் சான்றன்றோ!

கள்ளன் புகுந்த வீட்டார் நாணுவதில்லை, கள்ளனே நாணத்தக்கவன். இங்கும் அவ்வாறே. ஆதலின், இச்சங்கம் இத்தகைய வழக்கில் ஒருபோதும் சமாதானம் பேசுவதில்லையென உறுதி கொள்க. தந்தையரே! நும் மகள் இதனைச் சொல்லி வருங்கால், "நீ ஏன் அங்குச் சென்றாய்?" என வினவாதீர், அவளுடன் காவல் நிலையத்திற்கு நடமின். வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகட்கும் இச்சட்டத்தை இன்றே சொல்லி வைம்மின்.