ஹேவ் என்பதா, ஹேட் என்பதா?

 

வெள்ளிவிழா மேடையில் ஆங்கில இலக்கணம் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். நம் முன்னோர் ஆங்கிலத்தைப் பெருமைக்காகக் கற்றவர் அல்லர். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் குறைகளை எடுத்துரைத்தார்கள். எம். சி. ராஜா அவர்கள் 1925-இல் நம் நிலையை விளக்கி ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார்கள். நமக்கு அம்மொழி முறையீட்டின் மொழியாகவே வந்து சேர்ந்தது. முறையீட்டில் காலம் பிறழ்ந்தால் பொருளும் பிறழும். ஆகவேதான் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

கல்லூரியில் பயிலும் நம் மாணவன் ஒருவன் உதவித்தொகை வராமல் மனு எழுதுகிறான் என்று கொள்வோம். 'ஐ ஹேட் அப்ளைட் லாஸ்ட் ஜூலை. ஐ ஹேட் நாட் ரிசீவ்ட் தி ஸ்காலர்ஷிப்' என்று எழுதுகிறான். அவன் சொல்ல நினைத்தது, பணம் இன்றுவரை வரவில்லை என்பது. எழுதியதோ, கடந்துபோன ஏதோ ஒரு நாள்வரை வரவில்லை என்பது. அதற்குப் பின் வந்ததா, இல்லையா? வாக்கியம் அதைச் சொல்லவில்லை. படிக்கும் அலுவலர் நல்லவராயின் ஊகித்துக்கொள்வார். மனுவைத் தள்ளிவிட வழிதேடுபவராயின் அவருக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. 'ஐ அப்ளைட் லாஸ்ட் ஜூலை. ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் இட் யெட்' என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

இரண்டையும் பிரித்தறிய நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கே நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறோம்? இன்றைய நாளில் நின்று, நடந்ததன் பயன் இன்றுவரை எட்டுவதைச் சொன்னால் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்'; இதுவே பிரசென்ட் பெர்ஃபெக்ட். கடந்த காலத்தின் ஒரு கட்டத்தில் நின்று, அதற்கும் முன் நடந்ததைச் சொன்னால் 'ஹேட்'; இது பாஸ்ட் பெர்ஃபெக்ட். நிற்பதற்கு அப்படியொரு கட்டம் வாக்கியத்திலோ அதன் சூழலிலோ இல்லையேல் 'ஹேட்' எதற்கு? 'ஆல்ரெடி' வந்தால் 'ஹேவ்' போடு என்று மனப்பாடம் செய்விக்கும் கையேடுகள் உண்டு. அவற்றை நம்ப வேண்டாம். 'ஆல்ரெடி' இரண்டோடும் வரும்.

நம்மவர் இடறுவதற்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. தமிழின் இயல்பே காரணம். 'வந்திருக்கிறேன்', 'வந்திருந்தேன்' என்று நம் மொழியிலும் இரு வடிவங்கள் உள. அவை ஆங்கில வடிவங்களுக்கு நேரானவை போலத் தோன்றும். ஆனால் ஆளும் முறை வேறு. 'போன வாரம் உங்களைக் காண வந்திருந்தேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'ஐ ஹேட் கம் லாஸ்ட் வீக்' என்றால், பின்பு நடந்தது எது என்று ஆங்கிலம் அறிந்தவர் காத்திருப்பார். 'ஐ கேம் டு சீ யூ லாஸ்ட் வீக்' என்பதே போதும்.

மற்றொன்று. விடியற்காலையில் முற்றம் நனைந்திருப்பதைக் கண்டு, 'நேற்றிரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். கண்ணால் காணாததை அடையாளம் கொண்டு உணர்வதற்கும் தமிழில் 'இருக்கிறது' உதவுகிறது. அழகான வசதி அது. ஆங்கில 'ஹேஸ்' அவ்வேலையைச் செய்யாது. மேலும் 'நேற்று', '1985-இல்' என்று முடிந்துபோன காலத்தைக் குறித்துவிட்டால் அவ்வினையோடு பிரசென்ட் பெர்ஃபெக்ட் சேராது. 'இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' பிழை. 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்க. வங்கித் தேர்வுகளிலும் மத்தியப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளிலும் பிழை கண்டுபிடிக்கும் வினாக்களில் இப்பிழையைச் சந்திக்க நேரும்.

இனி, நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. ஏப்ரல் 14-ஆம் நாள் கட்டுரைகளில், 'டாக்டர் அம்பேத்கர் ஹேஸ் ரிட்டன் மெனி புக்ஸ்' என்று பிள்ளைகள் எழுதுவர். அண்ணல் 1956-இல் மறைந்தார். அவர் எழுதும் காலம் முடிந்தது. ஆகவே 'ரோட் மெனி புக்ஸ்' என்பதே பொருந்தும். ஆனால் 'ஹிஸ் புக்ஸ் ஹேவ் கிவன் அஸ் கரேஜ்' என்று தயங்காமல் எழுதலாம். அந்நூல்கள் தந்த துணிவு இன்றும் நம்மிடம் இருக்கிறதன்றோ! அண்ணல் 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியாவில் பயின்றார். 1916-இல் இலண்டன் சேர்ந்தார். இப்படி வரிசையாகச் சொல்லுகையில் 'ஹேட்' வேண்டுவதில்லை. 1916-இல் நின்று பின்னோக்கினால் மட்டும், 'வென் ஹி ரீச்ட் லண்டன், ஹி ஹேட் ஸ்டடீட் அட் கொலம்பியா' என்கிறோம். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்ற சொற்களே முன்பின்னைக் காட்டிவிடும் இடங்களில் ஆங்கிலேயரும் 'ஹேட்' இன்றி எழுதுவது உண்டு. அதனைப் பிழை என்று எவரேனும் சிவப்பு மையால் சுழித்தால் அஞ்ச வேண்டாம்.

வேலைக்கான விண்ணப்பத்தில் இவ்வேறுபாடு மிகவும் பயன்படும். 'ஐ ஹேவ் பீன் டீச்சிங் இன் எ நைட் ஸ்கூல் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் இன்றும் அவ்விரவுப் பள்ளியில் கற்பிக்கிறோம். 'ஐ டாட்' என்றால் அப்பணி முடிந்தது. 'ஐ ஹேட் டாட்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், நேர்முகத்தில் இருப்பவர் 'எதற்கு முன்பு?' என்று கேட்பார். 'வென் ஐ ஜாயின்ட் தி பேங்க்' என்பதையும் உடன் எழுதிவிட்டால் அக்கேள்வி எழாது.