நீரோரப் பாதையும் மலை மிதிவண்டியும்
(தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)

 

மிதிவண்டி தோட்ட மக்களுக்குப் புதியதொரு பொருளன்று. விடியுமுன் பிரட்டுக்குச் சென்றதும், பால் வாளிகளை இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு பால் நிறுக்கும் கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு காலத்தில் அதன் துணையால்தான். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் ஏற்றுக்கொண்டது. ஆயினும் மிதிவண்டி மறைந்துவிடவில்லை. அகன்ற டயரும் உறுதியான சட்டமும் கொண்டு, மேடும் பள்ளமும் கல்லும் வேரும் நிறைந்த வழிகளில் ஓடும் மலை மிதிவண்டியாக அது புது உருவம் பெற்றிருக்கின்றது. ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் அவ்வண்டியை ஓட்டி மகிழ்வோர் உலகெங்கும் பெருகியுள்ளனர். அந்த மகிழ்ச்சியில் நமக்குரிய பங்கு யாது, அதனை ஆபத்தின்றிப் பெறுவது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் பொருளாகும்.

முதலில் இதன் பிறப்பைக் காண்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மெரின் வட்டாரம் இருக்கின்றது. 1970-ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த இளைஞர் சிலர், 1930, 1940-ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்டு எவரும் விரும்பாமல் கிடந்த பழைய தடித்த டயர் மிதிவண்டிகளைத் தேடி எடுத்து, மலைச்சரிவுகளில் இறங்கி விளையாடினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவர்கள் முதற் போட்டியை நடத்தினர். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் அளவுக்குச் சரிந்து இறங்கும் பாதை அது. ஒருமுறை இறங்கியதும் சக்கரத்துப் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடுமாம். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். 1977-இல் ஜோ பிரீஸ் என்பார் இத்தகைய ஓட்டத்துக்கென்றே தனியாக ஒரு வண்டியைச் செய்தார். பழைய இரும்புக் குவியலிலிருந்து எடுத்த வண்டியில் தொடங்கிய அந்த விளையாட்டு, 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பணவசதி குறைந்தோர் கைப்பொருளைக் கொண்டே ஒரு கலையை வளர்க்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்றன்றோ!

இவ்வண்டிக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த நாற்றுகளில் 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத் தாம் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவருக்கு முன்னரே, 1845-இல், ராபர்ட் வில்லியம் தாம்சன் அதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தார். எனினும் காற்று டயர் உலகில் பரவியது டன்லப்புக்குப் பின்னரே. முதலில் மிதிவண்டியும் பிறகு மோட்டார் வாகனமும் கேட்ட ரப்பருக்காகவே இந்நாட்டுக் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் கடல் கடந்து வந்து உளி பிடித்த வரலாற்றின் ஒரு முனையில் மிதிவண்டிச் சக்கரம் சுழல்கின்றது.

மலை மிதிவண்டியின் டயர் 50 முதல் 60 மில்லிமீட்டர் வரை அகலமுடையது. சாலைப் பந்தய வண்டிகளின் மெல்லிய டயரில் காற்றை மிக இறுக்கமாக அடைப்பர். மலை வண்டியிலோ, சதுர அங்குலத்துக்கு 25 முதல் 30 இராத்தல் அளவே போதுமென்பர். காற்று குறைவாயிருப்பதால் டயர் கல்லின்மேலும் வேரின்மேலும் படிந்து பிடித்துக்கொள்ளும், அதிர்ச்சியும் குறையும். இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரிப்பொடி ஆகியவற்றைக் கலந்து இந்த டயரைச் செய்கின்றனர். இன்னொரு புதுமையும் உண்டு. இந்நாளில் பலர் டியூப் இல்லாமலே டயரைப் பொருத்தி, அதனுள் சிறிது திரவத்தை ஊற்றிவைக்கின்றனர். அத்திரவங்களிற் பல, அமோனியா சேர்த்துக் கெட்டியாகாமல் காத்த ரப்பர்ப் பாலினால் ஆனவை. முள் தைத்தால் அந்தப் பால் துளையை நோக்கிப் பாய்ந்து, அங்கேயே உறைந்து அடைத்துவிடும். வெட்டுண்ட மரம் தன் பாலால் தன் காயத்தை மூடிக்கொள்வதை நாள்தோறும் காணும் உங்களுக்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி நீரோரப் பாதைக்கு வருவோம். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து என்னும் மாவட்டம் உள்ளது. முதல் உலகப் போரில் மரத்துக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டதால், 1919-இல் அந்நாட்டு அரசு ஒரு வன ஆணையத்தை நிறுவியது. அவ்வாணையம் 1926 முதல் கீல்டர் என்னுமிடத்தில் மரம் நடத் தொடங்கியது. அங்கே பெருமளவில் நடப்பட்ட சிட்கா என்னும் ஊசியிலை மரம், நம் ரப்பரைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வரிசை வரிசையாக மரங்கள், அவற்றை நடவும் வெட்டவும் வந்த தொழிலாளர்கள், அவர்களுக்கென அமைந்த சிற்றூர்கள் என்று பார்த்தால், அதுவும் ஒருவகையில் தோட்டமே. பின்னர் அப்பள்ளத்தாக்கில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டது. 1982-இல் திறந்து வைக்கப்பட்ட கீல்டர் நீர்த்தேக்கம், மனிதர் அமைத்த ஏரிகளுள் கொள்ளளவில் பிரிட்டனிலேயே பெரியதாகும்.

அந்த ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நீளமுள்ள கரையோரப் பாதை ஒன்று இருக்கின்றது. நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் குதிரை ஏறுவோரும் அதனைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றனர். ஏரியை விட்டுக் காட்டினுள் ஏறும் மலை மிதிவண்டிப் பாதைகள் தனியே உள்ளன. பிரிட்டனில் இத்தகைய பாதைகளுக்கு நிறம் இட்டுத் தரம் காட்டுவர்: பச்சை எளியது, நீலம் நடுத்தரமானது, சிவப்பு கடினமானது, கறுப்பு மிகக் கடினமானது. புதிதாக வருபவர் தம் ஆற்றலுக்கேற்ற நிறத்தைத் தேர்ந்து செல்லலாம். மரத் தொழில் அங்கே நின்றுவிடவில்லை. ஒருபுறம் மரம் வெட்டப்படுகின்றது. மறுபுறம் விருந்தினர் வருகின்றனர். வெட்டு நடக்கும் பகுதியில் பாதையை மூடிவைப்பர், முடிந்தபின் திறப்பர். உழைப்பும் விளையாட்டும் ஒரே நிலத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் நடைபெற இயலும் என்பதே நாம் அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாகும்.

அவ்வளவு தூரம் போவானேன்? சிங்கப்பூரைச் சேர்ந்த உபின் தீவில் முன்னாளில் கருங்கல் உடைத்தனர்; ரப்பரும் பயிரிட்டனர். கல்லெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. அவற்றுள் ஒன்றான கெத்தாம் பள்ளத்தையொட்டி மலை மிதிவண்டிப் பூங்கா அமைந்துள்ளது. நம் நாட்டிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகள் வழியாகவும் கம்போங் வழியாகவும் நூற்றுக்கணக்கானோர் கூடி ஓட்டும் மிதிவண்டி விழாக்கள் நடைபெறுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நகரத்தார் தேடி வரும் பாதை நம் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றது. நம் பிள்ளைகளோ அதனை விட்டு வேறெங்கோ செல்கின்றனர்.

இங்கேதான் நாம் மனம் வைத்துச் சிந்திக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு நள்ளிரவுக்குப் பின், ஜொகூர் பாரு நெடுஞ்சாலையில் உருமாற்றப்பட்ட மிதிவண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்த சிறார்களுள் 8 பேர் கார் மோதி மாண்டனர். அத்துயரம் எந்த ஓர் இனத்துக்கும் மட்டும் உரியதன்று. பெற்றோர் யாவருக்கும் உரியது. வேகத்தையும் துணிவையும் நாடுவது இளமையின் இயல்பு. அந்த நாட்டத்தை அடக்கி ஒழிக்க முடியாது. நல்ல வழியில் திருப்பிவிடத்தான் முடியும். லாரியும் காரும் இல்லாத, பகல் வெளிச்சமுள்ள, பெரியவர் கண் பார்வையில் உள்ள பாதை ஒன்று இருந்தால், பிள்ளைகள் இரவு நெடுஞ்சாலையைத் தேடிப்போக வேண்டிய காரணம் குறையுமன்றோ!

உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதைக் காட்டியது. அவ்விகிதம் இந்தியரிடையேதான் மிகுதி. நிரை நிரையாக நடந்து மரம் வெட்டிய தலைமுறைக்கு நடையே மருந்தாயிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் உட்கார்ந்து பார்க்கும் பொழுதுபோக்குக்கும் வந்துவிட்டனர். சிறுவர்க்கு நாளொன்றுக்கு 60 நிமிடமும், பெரியவர்க்கு வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மிதிவண்டி அதற்கு ஏற்ற கருவி. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குதலும், கையில் சிறிது இனிப்பு வைத்திருத்தலும் நலம்.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, வண்டியைப் பாருங்கள். விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. இரண்டு பிரேக்குகளும் நன்கு பிடிக்க வேண்டும். சங்கிலி துருவின்றி இருக்க வேண்டும். டயரில் பிடிப்பு தேயாதிருக்க வேண்டும். தலைக்கவசம் நெற்றியை மூடி, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும். வாரைத் தாடையின்கீழ் மாட்டாத தலைக்கவசம், விழும்போது தலையில் இராது.

இரண்டாவது, ஓட்டும் முறை. மேடு வருமுன்னரே கியரைக் குறையுங்கள். ஏறத் தொடங்கியபின் மாற்றினால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். இறக்கத்தில் இரு பெடல்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, ஆசனத்திலிருந்து சற்று எழுந்து, உடலைப் பின்னே கொண்டுசெல்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடித்தால் வண்டி ஆளைத் தலைக்கு மேல் எறிந்துவிடும். இரண்டையும் மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, நீரை மதியுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழை, கீழே வெயிலடிக்கும் வேளையிலும் வெள்ளத்தைக் கொண்டுவரும். நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வெள்ளம் மூடிய பாலத்தைக் கடக்கத் துணியாதீர்கள். காலில் காயத்தோடு சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்க வேண்டா; எலியின் சிறுநீர் கலந்த நீரினால் எலிக்காய்ச்சல் வரும். அத்தகைய இடங்களுக்குச் சென்று வந்த சில நாட்களில் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், மருத்துவரிடம் சென்று வந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நோயை விரைவில் கண்டுபிடிக்க உதவும். தனியாகச் செல்லாமல் மூவராகச் செல்வது நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்கலாம், மற்றவர் உதவி தேடலாம்.

நான்காவது, பிறர் உழைப்பை மதியுங்கள். பால்வெட்டு நடக்கும் நிரைகளுக்குள் வண்டி ஓட்டலாகாது. சக்கரம் உரசினால் பட்டை காயப்படும். மங்கு கவிழ்ந்தால் ஒரு தொழிலாளியின் அன்றைய கூலி மண்ணில் சிந்தும். பால் எடுத்து முடிந்த பிற்பகலே ஓட்டுவதற்கு உரிய நேரம். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டி அனுமதி பெறுங்கள். வெளியிலிருந்து ஓட்ட வருபவர்களுக்கும் இந்த நெறியை மரியாதையோடு எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஐந்தாவது, பாதையைக் காத்திடுங்கள். பாதைக்குப் பெரும் பகை மழைநீர். நேர்ச்சரிவாக இறங்கும் பாதை அடுத்த மழையில் ஓடையாகிவிடும். குன்றின் மட்டத்தைத் தழுவிக் குறுக்காகச் செல்லும் பாதையும், வெளிப்புறம் சிறிது சாய்ந்து நீரை வழியவிடும் பாதையுமே நிலைக்கும். குன்றின் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருத்தலாகாது என்பது பாதை அமைப்போர் கைக்கொள்ளும் விதி. மட்டம் பிடித்துப் படிநிலம் வெட்டியும், மண்குழி தோண்டியும், மூடுபயிர் வளர்த்தும் மண்ணரிப்பைத் தடுத்த தோட்டத் தொழிலாளருக்கு இவ்வறிவு கைவந்த கலை. நகரத்து இளைஞர் நூலைப் பார்த்துக் கற்பதை நம் முதியவர்கள் மண்வெட்டியால் கற்றிருக்கின்றனர். அவர்களை அழைத்துக் கேளுங்கள். மழை விட்ட உடனே ஈரப்பாதையில் ஓட்டினால் சக்கரத்தடம் வாய்க்காலாகும். ஒருநாள் பொறுத்து ஓட்டுங்கள்.

ஒவ்வொரு தோட்டத்திலும் இளைஞர் மன்றமோ, கோயிற் குழுவோ, பெற்றோர் குழுவோ ஏதேனும் ஒன்று இருக்கும். அதன் பெரியவர்கள் ஒருமுறை கூடி, எந்தப் பாதையில் ஓட்டலாம், எந்த ஆற்றுத் துறையை நெருங்கலாகாது, எந்த நேரம் உகந்தது என்பதை முடிவுசெய்து, நிர்வாகத்தோடு பேசி ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். பச்சை, நீலம், சிவப்பு என்று மரத்தில் நிறக் குறியும் இடலாம். பெண்பிள்ளைகளும் ஓட்டுவதற்கு ஒரு வேளை ஒதுக்கப்பட வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு மாலைப் பொழுதும் ஒற்றுமையும் இருந்தால் போதும்.

உலகத்துச் சக்கரங்களுக்கெல்லாம் பால் கொடுத்த கைகள் நம்முடைய கைகள். அந்தச் சக்கரத்தின்மேல் நம் பிள்ளைகள் ஆற்றோரக் காற்றை வாங்கிச் சென்று, பொழுது சாயுமுன் நலமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கான பாதையை அமைத்துக் கொடுப்பது பெரியவர்களாகிய நம் கடமை.