சுவர் யாருக்காகப் பேச வேண்டும்?



இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று 1939-இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் வடசென்னையின் இந்த மூலக்கொத்தளத்து மண்ணில்தான் துயில்கிறார்கள். எழும்பூரில் அவர்கள் பெயர் தாங்கிய மாளிகையில்தான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இயங்குகிறது. எந்த நிலம் எதற்கு என்று வரைபடம் போடும் அலுவலகம் அது. அந்த வரைபடத்தில் ஓர் அங்குலமும் கிடைக்காத மக்களைப் பற்றியும், அவர்களுக்காகக் கலை என்ன செய்ய முடியும் என்பது பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த மக்களின் கதையை ஒரு மதிலிலிருந்து தொடங்குகிறேன். பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்குப் பிறகு, அன்று இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கும்பினியார் மதில் எழுப்பினார்கள். அதில் எஞ்சிய ஒரு துண்டின்மேல்தான் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்கா நிற்கிறது. மதிலுக்காக வரி போட நினைத்தார்கள், வசூலிக்க முடியவில்லை. மதில் வரி என்ற பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் தங்கிவிட்டது. அந்தச் சாலை நடைபாதையில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. பிளாட்பாரத்தில் பிறந்து, அங்கேயே மணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குவதும் மீன்பாடி வண்டி மிதிப்பதும் வீட்டு வேலை செய்வதும் அவர்கள் பிழைப்பு. இந்த நகரம் அவர்கள் உழைப்பில் நடக்கிறது. இரவானால் அவர்களைக் காண மறுக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிப்ரவரி 28 இரவில் வீடற்றவர்களை எண்ணியது. நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். ஒரே இரவில் எடுத்த கணக்கில் விடுபட்டவர்கள் நிச்சயம் உண்டு. லட்சம் பேர் வாழும் நகர்ப்பகுதிக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் காப்பக வசதி வேண்டும் என்று தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை சொன்னது. இப்படியொரு விதி வகுக்கப்பட்டதே பலருக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்துவதில்தான் கலையின் முதல் வேலை தொடங்குகிறது.

நம் நகரம் உழைப்பவர்களுக்கும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கலையால் மரியாதை செய்த மரபு உடையது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. 2021-இல் இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் பல முகங்களைத் தீட்டினார்கள். அவற்றில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒதுக்கும் கண்ணை அந்தச் சுவர் கேள்வி கேட்டது. நடைபாதை மக்களுக்கும் அப்படியொரு சுவர் வேண்டும்.

ஆனால் வண்ணத்தின் எல்லையையும் அறிய வேண்டும். 2000 முதல் நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் குடியேறிய கண்ணகி நகரில் 2020-இல் பெரும் சுவரோவியங்கள் எழுந்தன. ஊர்மேல் இருந்த அவப்பெயருக்கு அவை அழகான மறுமொழி. அம்மக்கள் இழந்த வேலையையும் பள்ளியையும் அவற்றால் மீட்டுத் தர இயலாது.

வடிவமைப்பு இரு பக்கமும் வெட்டும். 2014-இல் லண்டனில் ஒரு குடியிருப்பின் வாசலில் யாரும் படுக்காதபடி இரும்பு முட்கள் பதித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அகற்றினார்கள். அதே ஆண்டு கனடாவின் வான்கூவரில் ரெயின்சிட்டி என்ற வீட்டுவசதி அமைப்பின் பெயரில் சாலையோர பெஞ்சுகள் வந்தன. முதுகுச் சாய்வைத் தூக்கினால் கூரையாகும். காப்பகத்தின் முகவரியும் அதில் இருந்தது. பார்ப்பவருக்கு அறிவிப்பாகவும் படுப்பவருக்கு உதவியாகவும் ஒரே பொருள் நின்றது.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள். வடசென்னைச் சுவரில் எதை வரைவது என்பதை அங்கே வாழும் குடும்பங்கள் முடிவு செய்யட்டும். வரையும் வேலையில் அவர்கள் பிள்ளைகளுக்குக் கூலியோடு இடம் கிடைக்கட்டும். ஒவ்வோர் ஓவியத்தின் அருகிலும் பக்கத்துக் காப்பகத்துக்கு வழியும், குடும்ப அட்டைக்கும் வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் இடமும் எளிய தமிழில் எழுதப்படட்டும். சுவரை அழகாக்குகிறோம் என்று சொல்லி அதன் அடியில் இருப்பவர்களைக் காலி செய்யக் கூடாது. இந்த உறுதியை மாநகராட்சி முன்கூட்டியே எழுதித் தரட்டும்.

ஓவியம் வீடாகாது. வீடு கேட்கும் குரலை ஊரே கேட்கும்படி செய்ய அதனால் முடியும். அந்தக் குரலுக்கு வேலைக்குப் பக்கத்திலேயே வீடு கொடுத்துப் பதில் சொல்வது அரசின் கடமை. அந்தப் பதில் வரும்வரை விடாமல் கேட்பது நம் கடமை.